சோகையும் மூலமும் மறைக்கும் நோய்

பதுளை மாவட்டத்தின் தென்சரிவில், ஹல்துமுல்லைப் பிரதேசத்துக்கு உட்பட்ட கொஸ்லந்தவிலும் அதைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் சோகை, மூலம் என்னும் இரு சொற்கள் வெறும் நோய்ப் பெயர்களாக நின்றுவிடுவதில்லை; அவற்றைச் சொன்னதும் மேற்கொண்டு யாரும் எதையும் கேட்பதில்லை. கூடையோடு மலையேறும் பெண்ணுக்கு மூச்சு வாங்கினால் அது சோகை என்றும், மலத்தோடு இரத்தம் போனால் அது மூலச்சூடு என்றும் தொழிலாளர் வாழும் லயத்திலேயே முடிவாகிவிடுகிறது. சத்துக் குறைந்த உணவு, அடுத்தடுத்த பேறு, மாதவிடாய், குடற்புழு என்று காட்டுவதற்குக் காரணங்கள் ஏராளமாக இருப்பதால் அந்த முடிவு பெரும்பாலும் சரியாகவும் இருந்துவிடுகிறது. ஆயினும் சிலரது உடலில், குடலின் உட்சுவரில் வளரும் ஒரு கட்டி நாள்தோறும் சிறிது சிறிதாக இரத்தத்தைக் கசியவிட்டுக்கொண்டிருக்கும். பெருங்குடலிலும் அதன் கடைசிப் பகுதியான மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோய், இந்த இரண்டு பெயர்களுக்குப் பின்னால் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், ஒளிந்திருக்கக் கூடியது.

உலகில் 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 19 இலட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 9 இலட்சம் பேர் இதனால் இறந்தனர். புதிய நோயாளரின் எண்ணிக்கையில் மூன்றாவதாகவும் இறப்பில் இரண்டாவதாகவும் நிற்கும் இப்புற்றுநோய், இலங்கையிலும் ஆண், பெண் இருபாலாரிடத்தும் மிகுதியாகக் காணப்படும் ஐந்து புற்றுநோய்களுள் ஒன்றாக உள்ளது. தோட்டங்களில் வெற்றிலை, பாக்கு, புகையிலை ஆகியவற்றால் வாயில் வரும் புற்றுநோயை அறியாதவர் இல்லை. மார்பகத்துக்கும் கருப்பைக் கழுத்துக்கும் சுவநாரி கிளினிக்குகள் 1996 முதல் நடந்து வருகின்றன. குடலைப் பற்றி மட்டும் பேச்சில்லை. மலத்தைப் பற்றிப் பேசுவது கூச்சம் தருவது என்பதைத் தவிர இதற்குப் பெரிய காரணம் ஒன்றையும் தேட வேண்டியதில்லை.

இந்நோய் ஒரே இரவில் முளைப்பதன்று. குடலின் உட்படலத்தில் முதலில் பொலிப் எனப்படும் சிறு தசை முளை தோன்றுகிறது. அவற்றுள் சில மட்டுமே, பெரும்பாலும் பத்து ஆண்டுகள் அளவான காலத்தில், படிப்படியாகப் புற்றாக மாறுகின்றன. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஃபியரன், பேர்ட் வோகல்ஸ்டைன் ஆகிய இருவரும் 1990இல், இந்த மாற்றம் மரபணுக்களில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும் பழுதுகளால் நிகழ்கிறது என்று விளக்கினர்: உயிரணு பெருகுவதைக் கட்டுப்படுத்தும் ஏ.பி.சி. என்ற மரபணு முதலில் செயலிழக்க, பெருகச் சொல்லும் கட்டளையை ஓயாமல் பிறப்பிக்கும் வகையில் கேராஸ் என்ற மரபணு பழுதாகி, இறுதியில் பழுதான உயிரணுவை நிறுத்திவைக்கும் காவலனான பி-53 என்ற மரபணுவும் கைவிட்டுப் போகிறது. எல்லாக் கட்டிகளும் இதே வழியில் உருவாவதில்லை என்பது பின்னர் தெரியவந்தாலும், நோய் வருவதற்கு முன்பே அதை வெட்டியெறிய ஏறக்குறைய பத்து ஆண்டு அவகாசம் உண்டு என்னும் நம்பிக்கைக்கு அடிப்படை இதுதான். இத்தகைய அவகாசத்தைத் தரும் புற்றுநோய்கள் அதிகமில்லை.

கட்டி குடலின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது காட்டும் முகமும் மாறுகிறது. வயிற்றின் இடப்பக்கத்தில் குடல் ஒடுங்கியும் மலம் இறுகியும் இருப்பதால், அங்கே வளரும் கட்டி மலம் கழிக்கும் வழக்கத்தை மாற்றி, கண்ணுக்குத் தெரியும் இரத்தத்தையும் காட்டிவிடும். மூலம் என்று தவறாக எண்ணப்படுவது இதுவே. வலப்பக்கத்திலோ குடல் அகலமானது, மலமும் கூழ்போன்றது. எனவே அங்குள்ள கட்டி அடைப்போ வலியோ இன்றிப் பெரிதாகிக்கொண்டே போக, கசியும் இரத்தம் மலத்தோடு கலந்து கண்ணுக்குப் புலப்படாமல் வெளியேறுகிறது. உடலின் இரும்புச்சத்து மெல்ல மெல்லத் தீர்ந்துபோய் இறுதியில் எஞ்சுவது வெளிறிய கண்ணிமையும் களைப்பும்தான்.

தோட்டங்களில் வழக்கமாகச் செய்யப்படும் நற்செயல் ஒன்றே இந்த இடத்தில் தீங்காக மாறக்கூடும் என்பது கவனிக்கத்தக்கது. சோகை என்று கண்டவுடன் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கப்படுகிறது; இரண்டு மூன்று மாதங்களில் ஹீமோகுளோபின் அளவு ஏறுகிறது; கிளினிக் கொப்பியில் அந்த எண்ணைக் கண்டு எல்லோரும் ஆறுதலடைகின்றனர். எண் ஏறினாலும் கசிவு நிற்கவில்லை. அது மட்டுமன்றி, இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக்குவதால், இரத்தத்தால் கறுத்த மலத்தையும் மாத்திரையின் வேலை என்றே நினைக்கத் தோன்றும். ஆகவேதான் எந்த வயது ஆணுக்கும், மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் இரும்புச்சத்துக் குறைவால் சோகை வந்தால், வேறு காரணம் தெளிவாகத் தெரியாத வரை, இரைப்பையையும் குடலையும் பார்த்தாக வேண்டும் என்று மருத்துவ நூல்கள் வலியுறுத்துகின்றன. அட்டைக்கடியையும் ரொட்டிச் சாப்பாட்டையும் காரணம் காட்டி ஐம்பது வயது ஆணின் சோகையை விட்டுவிடுவது மருத்துவம் ஆகாது.

உடலின் உள்ளே நடப்பதை வெளியிலிருந்து அளந்தறிய உதவும் பொருள் எதுவாயினும் அதை உயிரியல் குறிகாட்டி என்பர். அது மரபணுவாகவோ புரதமாகவோ சாதாரண இரத்தமாகவோ இருக்கலாம். பெருங்குடல் புற்றுநோயில் இன்றும் மிகப் பயன்தரும் குறிகாட்டி, மலத்தில் கலந்துள்ள கண்ணுக்குத் தெரியாத இரத்தம்தான். அதைத் தேடும் பழைய சோதனை இரத்தத்தின் நிறமியை இரசாயன முறையில் கண்டது. இறைச்சியோ முள்ளங்கியோ உண்டிருந்தாலும் அது ஏமாறக்கூடும். அப்படிப்பட்ட எளிய சோதனையை ஆண்டுதோறும் செய்தே இந்நோயால் வரும் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்க முடிந்ததென்று அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில ஆய்வு 1993இல் காட்டியது. இப்போது வழக்கிலுள்ள ஃபிட் என்னும் சோதனை மனித ஹீமோகுளோபினின் புரதத்தை மட்டும் பற்றும் நோயெதிர்ப்புப் பொருளைக் கொண்டது. ஆகையால் பத்தியம் எதுவும் தேவையில்லை, முந்திய நாள் ஆட்டிறைச்சி சாப்பிட்டிருந்தாலும் பாதகமில்லை.

அந்தக் கருவியைப் பார்த்தால் இதுவா மருத்துவச் சோதனை என்று தோன்றும். பெருவிரல் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய். அதன் மூடியோடு ஒட்டிய மெல்லிய குச்சியின் நுனியில் சிறு வரிப்பள்ளங்கள். மலசலகூடத்தின் நீரில் விழுவதற்கு முன் காகிதத்தில் ஏந்திய மலத்தில் அந்தக் குச்சியால் நாலைந்து இடங்களில் குத்தி, பள்ளங்களில் ஒட்டியதை மட்டும் குழாய்க்குள் செருகி மூடிவிட்டால் வேலை முடிந்தது. உள்ளேயுள்ள திரவம் மாதிரியைச் சில நாட்கள் கெடாமல் காக்கும். வெயிலில் வைத்தால் மட்டும் ஹீமோகுளோபின் சிதைந்து, இருக்கும் இரத்தமும் இல்லையென்று காட்டிவிடும். ஒரு கிராம் மலத்தில் 20 மைக்ரோகிராம் ஹீமோகுளோபின் என்ற அளவைப் பல நாடுகள் எல்லையாகக் கொண்டுள்ளன. ஒரே தடவை செய்தால் பத்துப் புற்றுகளில் ஏழெட்டை இது பிடிக்கும். பொலிப்புகளில் மிகுதியைத் தவறவிடும். எனவே ஆண்டுதோறுமோ இரண்டு ஆண்டுக்கொரு முறையோ திரும்பச் செய்யப்படும்போதுதான் இதன் பலம் வெளிப்படுகிறது. ஏற்கெனவே இரத்தத்தைக் கண்ணால் கண்டவர், அல்லது சோகை உள்ளவர், ஃபிட் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்ததை நம்பிச் சும்மா இருந்துவிடக் கூடாது என்பதும் சொல்லப்பட வேண்டியது.

தோட்டத்து மக்களிடம் மலம் கேட்டால் கொடுப்பார்களா என்ற தயக்கத்துக்கு வரலாறு விடை தருகிறது. ரொக்பெல்லர் நிறுவனம் இலங்கை அரசோடு சேர்ந்து 1916இல் மலைநாட்டுத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, தொழிலாளரின் மலத்தை நுண்நோக்காடியில் பார்த்து, புழு உள்ளவருக்கு மருந்து கொடுத்தனர். அந்தப் புழு செய்ததும் இதே வேலைதான்: குடற்சுவரைக் கவ்வி இரத்தத்தைக் குடித்து, ஆளைச் சோகையில் தள்ளியது. துரைமாரின் கணக்கு உழைப்பு குறையக் கூடாது என்பதாக இருந்திருக்கலாம். ஆனால் சோகைக்குக் காரணத்தை மலத்தில் தேடுவது என்ற அறிவு இத்தோட்டங்களுக்கு வந்து நூறு ஆண்டு கடந்துவிட்டது. அப்போது தேடியது முட்டையை, இப்போது தேடுவது இரத்தத்தை.

குறிகாட்டி சந்தேகத்தை எழுப்பும், உறுதிப்படுத்துவது கமராதான். வளையும் குழாயின் முனையில் பொருத்திய கமராவை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் கொலனொஸ்கொப்பியில், நோயைக் காண்பதும் பொலிப்பை அகற்றுவதும் ஒரே அமர்வில் முடிந்துவிடுகின்றன. குழாயின் ஊடே கம்பிச் சுருக்கை நுழைத்துப் பொலிப்பை அறுத்தெடுக்கும் முறை 1969இல் நியூயோர்க்கில் தொடங்கிற்று. இச்சோதனையில் கடினமானது கமரா செல்லும் அரை மணி நேரமன்று, அதற்கு முந்திய இரவுதான். குடலைக் கழுவித் துப்புரவாக்கும் மருந்தை லீற்றர் கணக்கில் குடித்துவிட்டு, தெளிந்த நீராகப் போகும் வரை பத்துப் பன்னிரண்டு தடவை மலசலகூடத்துக்கு ஓட வேண்டும். லயத்துக்கு வெளியே, பல குடும்பங்களுக்குப் பொதுவாக, தண்ணீரை வாளியில் சுமந்துபோக வேண்டிய மலசலகூடம் உள்ள வீட்டில் மழைக்கால இரவொன்றில் இதைச் செய்வது எளிதன்று. பின் அதிகாலை பஸ்ஸில் ஏறி பெரகலை, ஹப்புத்தளை, பண்டாரவளை என்று வளைவுப் பாதையில் பதுளைப் பெரியாஸ்பத்திரி வரை போவது அதனினும் கடினம். குடல் சுத்தமாகாமல் வந்தவரைத் திருப்பியனுப்பினால் அவர் மீண்டும் வருவது அரிது. வார்ட்டில் முதல்நாளே சேர்த்து மருந்து கொடுக்க வேண்டியவர் யார் என்பதை, நோயின் கடுமையை மட்டும் பாராமல் வீட்டின் நிலையையும் கேட்டே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

கொஸ்லந்தவுக்கு அருகேயுள்ள மீரியபெத்த தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்து லயங்களைப் புதைத்ததை இப்பகுதி மறக்கவில்லை. அவ்விடம் ஆபத்தானது என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தும், மக்கள் குடியேற வேறிடம் ஆயத்தமாக இருக்கவில்லை. மலச் சோதனையை ஊர் ஊராக நடத்திவிட்டு, இரத்தம் உண்டென்று வந்தவருக்குக் கொலனொஸ்கொப்பிக்கு நாள் கொடுக்காமல் விடுவது இதே வகையானது.

இரத்தத்தில் அளக்கும் குறிகாட்டிகளைப் பற்றி மக்களிடையே தவறான எண்ணம் பரவியிருக்கிறது. மொன்ட்ரியலில் ஃபில் கோல்ட், சாமுவேல் ஃப்ரீட்மன் ஆகியோர் 1965இல் கண்டறிந்த சி.இ.ஏ. என்னும் புரதம், கருவிலுள்ள சிசுவின் குடலில் மிகுந்திருந்து பிறந்தபின் குறைந்துவிடுவது. குடற்புற்றில் அது மீண்டும் பெருகுகிறது. இதைக் கொண்டு புற்றுநோயை முன்கூட்டியே அறியலாமென்று அன்று எழுந்த எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை: தொடக்க நிலைக் கட்டிகள் பலவற்றில் இது ஏறுவதில்லை, புகைப்பவரிடத்தும் ஈரல் நோயாளரிடத்தும் கட்டி இல்லாமலே ஏறியிருக்கும். ஆகவே உடம்பில் ஒன்றுமில்லாதவர் நகரத்து ஆய்வுகூடங்களில் பணம் செலவழித்துப் புற்றுநோய் இரத்தப் பரிசோதனை என்று இதைச் செய்வது வீண். இதன் உண்மையான இடம் அறுவைக்குப் பின்னால் உள்ளது. கட்டியை அகற்றியபின் கீழிறங்கிய சி.இ.ஏ., மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து வருகையில் மறுபடி ஏறத் தொடங்குமானால், நோய் எங்கோ தலைகாட்டுகிறது என்று கொள்ள வேண்டும். பல வேளை அது ஈரலாக இருக்கும், ஏனெனில் குடலின் இரத்தம் முதலில் போய்ச் சேர்வது அங்கேதான். ஈரலில் ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் பரவியதை உரிய காலத்தில் வெட்டியெடுத்துப் பிழைத்தவர்கள் உண்டு.

புற்று என்று உறுதியானபின் அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று படமெடுத்துப் பார்க்கின்றனர். நெஞ்சையும் வயிற்றையும் குறுக்குவெட்டுத் துண்டுகளாகக் காட்டும் சி.டி. ஸ்கேன், ஈரலிலும் நுரையீரலிலும் பரவல் உண்டா என்பதைச் சொல்லும். படம் தெளிவாக விழ இரத்தநாளத்தில் ஏற்றும் மருந்துச் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. ஊவாவின் தாழ்நிலங்களில், கிராந்துருகோட்டை போன்ற பகுதிகளில், காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவியிருப்பதால், தமக்கோ குடும்பத்துக்கோ சிறுநீரகக் கோளாறு இருப்பின் அதை முன்னரே சொல்லிவிடுவது அவசியம்.

மலக்குடலில் வந்த கட்டிக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இன்றியமையாதது. மலக்குடலைச் சுற்றிக் கொழுப்பு உறையொன்றும் அதன் வெளியே மெல்லிய சவ்வும் உள்ளன. கட்டியை அந்த உறையோடு முழுமையாக எடுத்துவிட்டால் அதே இடத்தில் நோய் திரும்புவது வெகுவாகக் குறையும் என்பதை இங்கிலாந்தின் பில் ஹீல்ட் என்னும் அறுவை மருத்துவர் 1982இல் எடுத்துக்காட்டினார். கட்டிக்கும் அந்தச் சவ்வுக்கும் இடையே ஒரு மில்லிமீற்றராவது இடைவெளி இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. படத்தில் அளந்து பார்க்கின்றனர். இருந்தால் பலருக்கு நேரே அறுவை செய்யலாம், இல்லையென்றால் முதலில் கதிர்வீச்சாலும் மருந்தாலும் கட்டியைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். ஒரு மில்லிமீற்றர் என்பது கொழுந்துக் காம்பின் தடிப்புக்கும் குறைவு. ஆசனவாயைக் காப்பாற்றி இயல்பாக மலம் கழிக்கச் செய்யலாமா, அல்லது வயிற்றில் துளையிட்டுப் பை மாட்ட வேண்டுமா என்ற கேள்விக்கும் கட்டி எவ்வளவு தாழ்வாக உள்ளது என்று காட்டும் இப்படம் துணைசெய்கிறது. கூடாரம் போல் தண்ணீர் ஒழுகும் லயத்தில் அந்தப் பையைத் துப்புரவாகப் பேணுவதன் சிரமத்தை அறிந்தவர், அம்மில்லிமீற்றரின் மதிப்பை அறிவர்.

பெட் ஸ்கேன் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. சீனி போன்றதொரு கதிரியக்கப் பொருளை ஏற்றினால் புற்றுயிரணுக்கள் அதை மிகுதியாக உறிஞ்சி ஒளிரும் என்பதே அதன் தத்துவம், சி.இ.ஏ. ஏறியும் சி.டி.யில் இடம் தெரியாதபோது அது கைகொடுக்கும். இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் இவ்வசதியுள்ள மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையின் கருவி, பொதுமக்கள் போட்ட சிறு சிறு நன்கொடைகளைத் திரட்டி வாங்கப்பட்டது. கொஸ்லந்தவின் ஊடாகத் தியலும நீர்வீழ்ச்சியைக் கடந்து வெல்லவாயவுக்கு இறங்கும் ஏ-4 நெடுஞ்சாலையின் மறுகோடி, பலாங்கொடை, இரத்தினபுரி, அவிசாவளை வழியாக அந்த மஹரகமவை ஊடறுத்தே கொழும்பை அடைகிறது. ஒரே வீதிதான், பஸ்ஸில் ஒரு பகலை விழுங்கும்.

கடைசி இருபது ஆண்டுகளில் மிக வேகமாக வளர்ந்த பகுதி, வெட்டியெடுத்த கட்டியின் மரபணுவைப் படிப்பது. புற்றுயிரணுவின் வளர்ச்சி வாங்கியை அடைக்கும் செட்டுக்சிமாப் போன்ற விலையுயர்ந்த ஊசிமருந்துகள், கேராஸ் மரபணு பழுதான கட்டியில் வேலை செய்வதில்லை; பத்தில் நான்கு கட்டிகள் அத்தகையவை. கதவை அடைத்தாலும் வீட்டுக்குள்ளேயே கட்டளை பிறந்துகொண்டிருந்தால் என்ன பயன்? ஆகவே மருந்துக்கு முன் மரபணுச் சோதனை என்பது நோயாளியின் பணத்தையும் உடலையும் ஒருங்கே காக்கிறது. இன்னொரு வகையில், டி.என்.ஏ.யைப் பிரதியெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் இல்லாத கட்டிகள் நூற்றில் பதினைந்து அளவில் உள்ளன. இவற்றில் பிழைகள் குவிந்து கிடப்பதால் உடலின் எதிர்ப்புச் சக்தி இவற்றை எளிதில் அடையாளம் காணும். அதற்குப் போட்டிருக்கும் தடையை மருந்தால் நீக்கிவிட்டால் போதும். நியூயோர்க்கில் இவ்வகை மலக்குடற்புற்று உள்ளவர்களுக்கு டொஸ்டார்லிமாப் என்னும் மருந்தை மட்டும் கொடுத்தபோது, சிகிச்சையை முடித்த முதல் 12 பேரிடத்தும் கட்டி முற்றாக மறைந்ததாக 2022இல் அறிவிக்கப்பட்டது. கத்தியும் கதிர்வீச்சும் தேவைப்படவில்லை. மருந்தின் விலை மலைநாட்டுக் குடும்பத்துக்கு எட்டாதது. ஆனால் பிழை திருத்தும் அந்த நான்கு புரதங்கள் உள்ளனவா என்று சாயமேற்றிப் பார்க்கும் சோதனை, கட்டியிலிருந்து எடுத்து மெழுகில் பதித்து வைத்த துணுக்கிலேயே செய்யக்கூடிய எளிய ஒன்று. அந்த மெழுகுத் துணுக்குகள் ஆண்டுக்கணக்கில் கெடாதவை; பயொப்சி அறிக்கையையும் அதன் இலக்கத்தையும் பத்திரப்படுத்துவது காணி உறுதியைப் பத்திரப்படுத்துவது போன்றது.

இரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ. துணுக்குகளைத் தேடும் சோதனை அடுத்த கட்டம். நோயின் இரண்டாம் கட்டத்தில் இருந்தவர்களுள், அறுவைக்குப்பின் அவை காணப்படாதவருக்குக் கீமோ மருந்தைத் தவிர்த்தாலும் நோய் திரும்பும் அளவு கூடுவதில்லை என்று அவுஸ்திரேலிய ஆய்வொன்று 2022இல் காட்டியது. அம்முறையால், அந்நோயாளரில் கீமோ பெற்றோர் நூற்றுக்கு 28இலிருந்து 15ஆகக் குறைந்தனர். நோயே இல்லாதவரிடம் முன்கூட்டித் தேடும் இரத்தச் சோதனையொன்றுக்கு அமெரிக்கா 2024இல் அனுமதி தந்துள்ளது. அது புற்றை ஓரளவு நன்றாகப் பிடித்தாலும், புற்றாக மாறவிருக்கும் முற்றிய பொலிப்புகளில் எட்டில் ஒன்றைத்தான் காண்கிறது. வருமுன் காப்பதில் மலிவான குழாயும் குச்சியும் இன்னும் தோற்கவில்லை.

பிழை திருத்தும் மரபணுவின் குறை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவதும் உண்டு. லிஞ்ச் நோய்க்குறி எனப்படும் இது நூறு குடற்புற்றில் மூன்றளவுக்குக் காரணம். இது உள்ள குடும்பத்தில் நாற்பது வயதிலும் அதற்கு முன்பும்கூடக் குடற்புற்றும், பெண்களுக்குக் கருப்பைப் புற்றும் வரும். தாயும் மாமனும் ஒரே வயதளவில் வயிற்றுக்கட்டியில் போனார்கள் என்று லயத்தில் பேசப்படுவதை, சாபம் என்றோ செய்வினை என்றோ விட்டுவிடாமல் டொக்டரிடம் சொன்னால், எஞ்சியோருக்கு ஒன்றிரண்டு ஆண்டுக்கொருமுறை கமரா பார்த்து நோயைத் தடுக்க முடியும்.

தோட்டத்தில் ஒரு நாள் கிளினிக்குக்குப் போனால் அன்றைக்குப் பேர் விழாது, நாட்சம்பளம் போய்விடும். நோய் முற்றியபின் பதுளைக்கும் மஹரகமவுக்கும் அலையும் நாட்களோடு ஒப்பிட்டால் அந்த ஒரு பேர் சிறிதுதான் என்றாலும், இழப்பு முழுவதையும் தொழிலாளியே தாங்க வேண்டும் என்பதில் நியாயமில்லை. கமராவுக்குப் போகும் நாளைச் சம்பளத்தோடு கூடிய நாளாகத் தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கமும் பேசி முடிவு செய்யலாம். அதுவரை, நாற்பது வயதைத் தாண்டியவர் மலத்தில் இரத்தம் கண்டாலோ, மாத்திரை நிறுத்தியதும் சோகை திரும்பினாலோ, மலம் போகும் வழக்கம் ஆறு வாரத்துக்கு மேல் மாறியிருந்தாலோ, மூலமா என்று கேட்பதை விட்டு, குடலைப் பார்க்க லெட்டர் தாருங்கள் என்று டொக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.